முகத்துவாரம் வெட்டிய பௌர்ணமி

என் எழுத்து கோணல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாத்தியாரிடம் மணலில் விரல் வைத்து எழுதியது இரண்டு வருஷம்தான். அதற்குப் பிறகு இந்த விரல்கள் எழுத்தைத் தொட்டதைவிட இறாலைத் தொட்டதே அதிகம். எழுத்தாணியை அழுத்திப் பிடித்ததில் சில இடங்களில் ஓலை கிழிந்துவிட்டது. புள்ளி வைத்தால் இன்னும் கிழியும் என்று வைக்கவில்லை. எந்த ர, எந்த ற என்று தெரியாத இடத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். சத்தமாகப் படித்தால் சரியாகிவிடும்.

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். கோட்டைக்குப்பத்தில் என்னோடு கோவணம்கூட இல்லாமல் ஓடித் திரிந்தவர்களில் இப்போது ஏழெட்டுப் பேர் மிச்சம் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவருக்குப் படிக்கத் தெரியும். அவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டட்டும். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நேற்று குப்பத்துத் தலைவரான நாட்டார் வீட்டு வாசலில் எல்லோரும் பேசினீர்கள். நான் கடைசியில் நின்றுகொண்டு காலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் சிறுவர்களாக இருந்தபோது முகத்துவாரம் வெட்டினோமே, அந்த வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் மழை இல்லை. ஏரி உள்வாங்கி, கடலும் ஏரியும் சேரும் வாய் மணலால் அடைத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் பச்சையாகி, வெயில் ஏற ஏற அழுகல் வாடை அடிக்கும். மீன் வயிறு மேலே தெரிய மிதக்கும். பூநாரைகள் அந்த வருஷம் வரவில்லை. உலாந்தாக்கார வெள்ளையர் கோட்டையில் மட்டும் காலை மணி வழக்கம்போல் அடித்தது. நாம் கோரைக் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்றோம். அதன் கசப்பு நாக்கின் அடியில் நாளெல்லாம் இருக்கும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நைனா, அம்மா, அக்கா, நான். எங்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வோம். அகப்படுகிற இறாலை அதற்குள் போட வேண்டும். அக்காவின் பறி சின்னது. அதன் விளிம்பில் அவள் பல் பதிந்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். முன் பல் இரண்டுக்கும் நடுவே அவளுக்கு ஒரு சந்து உண்டு. அந்தச் சந்துகூட ஓலையில் ஒரு மேடாகத் தெரியும். ஊரில் நூறு பறியைக் கலந்து வைத்தாலும் அவளுடையதை நான் கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுத்துவிடுவேன்.

நைனாவுக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை. அறுவடைக் காலத்தில் ஆரம்பாக்கத்துக்குக் கூலிக்குப் போய்வந்த மனிதர் அவர். அங்கே விவசாயிகள் எல்லாவற்றையும் பிறை பார்த்துச் செய்வதைக் கண்டு வந்திருந்தார். வளர்பிறையில் விதைத்தால் நிலவு பயிரை மேலே இழுக்கும். கிழங்கு வகையைத் தேய்பிறையில் ஊன்ற வேண்டும். விதைநெல்லை அமாவாசை வெயிலில் காயவைத்தால் வண்டு விழாது. மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது. இதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் பாதி கடைப்பிடிப்பார்கள், பாதி விடுவார்கள் என்று பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. மழை முந்திக்கொண்டால் அவர்கள் எந்தப் பிறையிலும் விதைப்பார்களாம். நைனா அப்படி இல்லை. வெளியிலிருந்து போய்க் கற்றுக்கொண்டவர் ஒன்றையும் விடமாட்டார். முடி வெட்டிக்கொள்வதற்குக்கூடப் பிறை பார்த்தார்.

ஏரி உள்வாங்கியபோது மேற்குக் கரையில் ஒரு துண்டு நிலம் வெளியே தெரிந்தது. அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. நைனா அதைக் கொத்தி, முழங்கால் உயரத்துக்கு வரப்புப் போட்டு, பக்கத்திலேயே ஒரு குடிசையும் கட்டினார். நாங்கள் குப்பத்தை விட்டு அங்கே போனோம். நிலம் இருந்தது, விதைதான் இல்லை. அப்போதுதான் தரகர் வந்தார்.

அவரை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைத் தலைப்பாகை கட்டி, மெல்லப் பேசுகிறவர். பஞ்ச காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள பத்தாவிக்குப் போகிற உலாந்தாக்காரர் கப்பலுக்கு அடிமை ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் ஒரு கோணிப்பை விதைநெல் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். கப்பல் ஐப்பசிப் புயலுக்கு முன்னால் கிளம்பிவிடும். அதற்குள் நிலத்தில் பயிர் நன்றாக நின்றால் அறுவடை வரைக்கும் பொறுப்பதாகவும், தையில் நெல்லாக வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். பயிர் நிற்காவிட்டால் அக்கா அவரோடு போக வேண்டும். நைனா ஒப்புக்கொண்டார். அக்கா அப்போது வாசலில் உட்கார்ந்து கோரைக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும்.

நல்ல நிலம் வைத்திருந்தவர்கள் யாருக்கும் தரகர் அந்த வருஷம் விதை கொடுக்கவில்லை. அது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் மழை பெய்தது. ஒரு பகல் முழுவதும் விடாமல் பெய்தது. நிலத்தில் பூத்திருந்த உப்பெல்லாம் கரைந்து, மண் கறுத்து, காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கியது. அந்த மண் வாசனைக்கு அக்கா ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா கோணிப்பையின் வாயை அவிழ்க்கப் போனாள். நைனா அவள் கையைத் தட்டிவிட்டார். தேய்பிறை தொடங்கிவிட்டது, இனி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்த பிறகுதான் விதை நிலத்தில் விழும் என்றார்.

அதற்கு இன்னும் பதினாறு, பதினேழு நாள் இருந்தது. அந்த நாட்களில் வீட்டில் நடந்த பேச்சு எல்லாம் அதைப் பற்றித்தான். ஒருநாள் அம்மா கேட்டாள்:

"நெலா வளரும்போது நெல்லு வளரும்னா, நெலா தேயும்போது நெல்லும் தேயுமா? பாதி மாசம் ஏறி பாதி மாசம் எறங்குற பயிர எங்கியாவது பாத்துகிறியா?"

"நெல்லப் பத்தி ஒனக்கு இன்னாமே தெரியும்? சேத்தத் தடவுறவ."

"சேத்தத் தடவுறவளத்தான கட்டிக்கினு வந்தே. அன்னிக்கு இன்னா பிறைனு பாத்தியா?"

அக்கா சிரித்துவிட்டாள். நைனாவுக்கும் உதடு லேசாக அசைந்தது. ஆனால் விதைக்கவில்லை.

அம்மாவுக்கும் நிலவைத் தெரியும். வேறு விதமாகத் தெரியும். பௌர்ணமி நண்டை உடைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும், அமாவாசை நண்டில் சதை இருக்கும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏறும், அஷ்டமிக்கு அடங்கும். இதெல்லாம் அவள் காலிலேயே இருந்தது. இந்த நிலம் ஏரி விட்டுப்போன நிலம், ஏரிக்கு நினைவு வந்தால் திரும்பக் கேட்கும் என்று ஒருமுறை சொன்னாள். இப்போதே விதைத்துவிட்டால் தண்ணீர் வரும்போது பயிர் ஒரு சாண் உயரமாவது இருக்கும், தலை வெளியே தெரியும் என்றாள். நைனா வரப்பைச் சரிசெய்யப் போய்விட்டார். பிறகு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். மண் மறுபடி வெளுத்துக்கொண்டே வந்தது.

அமாவாசை கழிந்தது. நைனாவுக்கு மாலையில் கண் மங்கும். பிறை பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். மேற்கே மேகம் கட்டியிருந்தது. இரண்டு மாலை ஒன்றுமே தெரியவில்லை. அதற்கடுத்த மாலை, மேகத்தின் கிழிசல் வழியாக மீன் செதில் மாதிரி ஒரு கீற்று தெரிந்தது. நான் கையைக் காட்டிக் கத்தினேன். நைனா என் தோளைப் பிடித்துக் குனிந்து, என் விரலை ஒட்டித் தன் கண்ணை வைத்துப் பார்த்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது. பார்த்துவிட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் என்னைத் தொட்டுப் பேசியது அபூர்வம். அதனால் அந்தக் கீற்று எவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதைவிட அந்தக் கையின் சூடுதான் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் விதைத்தார். விதைத்த மறுநாளே ஒரு தூறல் விழுந்தது. நான்காம் நாள் காலையில் நிலம் முழுவதும் ஊசி ஊசியாகப் பச்சை. நைனா நடுவில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் குனிந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் தோற்றுப்போன சந்தோஷம் இருந்தது. தரகர் ஒருமுறை வந்து வரப்பின் மேல் நின்று பார்த்துவிட்டு, பயிர் அழகாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். அன்று அக்கா என்னை வரப்பு முழுவதும் துரத்தி விளையாடினாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் நான் குப்பத்துக்கு வந்திருந்தேன். அப்போதைய நாட்டார் என்னைக் கூப்பிட்டார். நாளைப் பௌர்ணமிக்குக் கடல் ஏறுகிற நேரம் பார்த்து முகத்துவாரம் வெட்டுகிறோம், பெரியவர் சிறியவர் எல்லோரும் வர வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒங்க நைனாகிட்ட சொல்லு. தண்ணி மேற்க வரும்னு சொல்லு. இதுக்கு மேல பொறுத்தா குப்பத்துல கொழந்தைங்க தங்காதுனு சொல்லு" என்றார். அவர் வீட்டில் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு குழந்தை போயிருந்தது.

நான் போய் அப்படியே சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நைனா வரப்பில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வளர்பிறையில போட்டத வளர்பிறை கெடுக்காது" என்றார்.

அம்மா அடுப்பண்டை இருந்தாள். அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். தண்ணீரை அவளைவிட அறிந்தவர் அந்தக் கரையில் இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. தூறல் விழுந்த நாளிலிருந்து அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போயிருக்க வேண்டும்.

எனக்கு மண் அள்ளக் கூடை இல்லை. அக்கா தன் பறியைக் கொடுத்தாள். "எடுத்துக்கினு போ. எறா வந்தா மொதப் புடி எனக்கு, இன்னா?" என்றாள். தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாளா, தெரியவில்லை. நான் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் போனேன். பசி அப்படி.

விடியற்காலையிலிருந்து வெட்டினோம். உங்களுக்கு நினைவிருக்கும், பெரியவர்கள் மண்வெட்டியால் இழுத்துப் போட, நாம் வரிசையாக நின்று அள்ளிக் கொட்டினோம். உங்களில் ஒருவர் என் பறியைப் பார்த்து, இறாலுக்குச் செய்த பறியில் மண் சுமக்கிறான் பார் என்று கேலி செய்தார். மேல் மணல் சூடு, அடி மணல் குளிர்ச்சி. வெயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் கடைசி மண் சுவர் தானாகவே உடைந்தது. கடல் உள்ளே வந்தது. முதலில் பாம்பு மாதிரி ஒரு கோடு, பிறகு நம் இடுப்பைத் தள்ளும் வேகம். பெண்கள் குலவையிட்டார்கள். நானும் கத்தினேன். உங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மத்தியானத்துக்குள் அந்தத் தண்ணீரோடு இறால் வந்துவிட்டது. பறியை மண் போகக் கழுவிவிட்டு, தடவித் தடவிப் பிடித்தேன். கரையோரமாக நடந்து வீட்டுக்குப் போனபோது நிலத்துக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா முதல் பிடியை வாங்கிச் சுட்டுத் தின்றாள். ஓட்டைக்கூடத் துப்பவில்லை. அம்மா பயிர் இருந்த பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றாள். நைனா தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தெளிந்த தண்ணீருக்கு அடியில் இரண்டு விரல் உயரப் பயிர், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பச்சையாக அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. பயிரின் நுனி வெள்ளையாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, மண்ணோடு ஒட்டிக்கொண்டது. அதன் மேல் உப்பு பூத்தது.

நைனா என்னை அழைத்து எதிரில் நிறுத்தினார். "நீ காட்டுனது மூணாம் பிறைதானா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்றேன்.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. நாலாம் பிறையக் காட்டுனியா?"

நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேகம் மூடிய மாலைகளை விரலில் எண்ணிப் பார்த்தேன். ஒருமுறை சரியாக வந்தது, ஒருமுறை ஒன்று கூடுதலாக வந்தது. தெரியவில்லை என்றேன். நைனா தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

தரகர் வாரம் முடிவதற்குள் வந்தார். அவர் வரப்பின் மேல் ஏறிப் பார்க்கவே இல்லை. நைனா அவரிடம் கேட்டது ஒன்றுதான். இப்போது தேய்பிறை, பெண் வீட்டை விட்டுப் போவது வளர்பிறையில் இருந்தால் போகிற இடத்தில் நன்றாக இருப்பாள், அமாவாசை கழியும்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். தரகர் சிரிக்கவில்லை. மரியாதையாகவே சொன்னார்: "கப்பலுக்குப் பிறை தெரியாதுப்பா. காத்துதான் தெரியும்."

அம்மா அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள். வெகுநேரம் வாரினாள். அக்கா படகில் ஏறும் முன் பறியை என் கையில் கொடுத்து, "வெயில்ல போடாத, வாய் வெடிச்சிடும்" என்றாள். நாளைக்கு வந்து திரும்பக் கேட்கப் போகிறவள் மாதிரி சொன்னாள். பிறகு படகு போனது. கோட்டைப் பக்கம் அது திரும்பியபோது பாயை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

எட்டு நாள் கழித்து மழை வந்தது. நல்ல மழை. கார்த்திகை வரை விட்டுவிட்டுப் பெய்தது. ஏரி நிரம்பி, எங்கள் நிலம் இருந்த இடம் தெரியாமல் போனது. நாங்கள் குப்பத்துக்கே திரும்பினோம். நைனா சாகும்வரை நிலவு பிசகவில்லை, என் கண்தான் பிசகியது என்று நம்பினார். அதை என்னிடம் கோபமாகச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் பிறை நாளில் என்னைக் கூப்பிடாமல், மங்கிய கண்ணோடு தானே போய்க் கரையில் நிற்பார். அவ்வளவுதான். அம்மா கடைசிக் காலத்தில் ஒருநாள், தான் அன்று அடுப்பண்டையிலிருந்து எழுந்து வந்திருக்கலாம் என்றாள். வந்திருந்தாலும் இரண்டு விரல் பயிரை ஒரே இரவில் ஒரு சாண் ஆக்கியிருக்க முடியாது. அதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை.

பறியை நான் வெயிலில் போடவில்லை. கூரைக்குள் செருகி வைத்தேன். ஆனாலும் ஓலை ஓலைதான். என் கல்யாணத்துக்கு முன்பே செல்லரித்து உதிர்ந்துவிட்டது. பல் பதிந்த விளிம்பு மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு அதுவும் காணாமல் போனது.

இப்போது மறுபடி இரண்டு வருஷம் மழை இல்லை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. வருகிற பௌர்ணமிக்கு வெட்டுவது என்று நேற்று முடிவு செய்தீர்கள். வெட்டாமல் முடியாது. என் வீட்டிலும் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. ஆனால் மேற்குக் கரையில், அதே இடத்தில், ஒருவன் குடிசை போட்டு விதைத்திருக்கிறான். நம்மில் ஒருவருடைய மகன்தான், அந்த ஒருவர் நேற்று என் பக்கத்தில்தான் நின்றார். முந்தாநாள் அந்த வழியாகப் போனேன். பயிர் இரண்டு விரல் உயரம் இருக்கிறது. ஆவணியில் அந்த ஒருநாள் மழை பெய்தபோதே ஏன் போடவில்லை என்று கேட்டேன். வளர்பிறைக்காகக் காத்திருந்தேன், மாமா என்றான். விதை யார் கொடுத்தது என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவன் மகள் வரப்பில் உட்கார்ந்து கோரைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவர், விதைத்தவனின் அப்பாவுக்கு இதை முதலில் படித்துக் காட்டுங்கள். வெட்டுகிற அன்று நானும் கூடை எடுத்துக்கொண்டு வருவேன்.

புரட்டாசி மாதம், வளர்பிறை, பதின்மூன்றாம் நாள்.